கோட்பாடு கற்றலும் செவிகொடுத்தலும்

உளவளத்துணை என்பது ஒரு தலைமுறைக்கு முன்னர் நம்மவருட் பலர் கேட்டறியாத சொல். இன்று பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம் என்று எங்கும் அது வழங்குகின்றது. சிலர் அதனைச் சீர்மியம் என்பர். சிலர் ஆற்றுப்படுத்தல் என்பர். பெயர் எதுவாயினும், இத்துறையைக் கற்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது கோட்பாடுகளின் நீண்டதோர் அணிவகுப்பையே. புறொய்டின் உளப்பகுப்பு, அட்லரின் தனியாள் உளவியல், றொஜர்சின் ஆள்மையச் சிகிச்சை, நடத்தைச் சிகிச்சை, அறிகைச் சிகிச்சை என அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மாணவர் குறிப்புக் கொப்பியிலே கோடிட்டு அட்டவணை எழுதுவர். தாபகர் யார், ஆண்டு எது, கலைச்சொற்கள் எவை, நிறை யாது, குறை யாது என்பனவெல்லாம் அவ்வட்டவணையிலே அடங்கிவிடும். பரீட்சை முடிந்ததும் கொப்பி பெட்டிக்குள் அடங்கிவிடும்.

இவ்வாறு கற்பது கல்வியன்று என்பது என் கருத்து. ஆயின், இதனைக் கண்டு வெறுத்து, “கோட்பாடு எதற்கு? அன்பும் அனுபவமும் இருந்தாற் போதாதா?” என்று கேட்போரும் உளர். அவர் கூற்று முன்னையதினும் பெரும் பிழை. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி உண்டு. அவ்வழியை விளக்குவதற்கு இத்துறையினர் நன்கறிந்த நிகழ்ச்சியொன்றை முதலிற் கூறுகிறேன்.

1964ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் எவரெற் ஷொஸ்றொம் என்னும் உளவியலாளர் ஒரு கல்விப் படம் எடுத்தார். உளச்சிகிச்சையின் மூன்று அணுகுமுறைகளை மாணவர் கண்ணாரக் காணல் வேண்டும் என்பது அவர் நோக்கம். ஒரே பெண்மணி, ஒரே நாளில், மூன்று பேராசான்களோடு தனித்தனியே உரையாடுகின்றார். கார்ல் றொஜர்ஸ், பிறிட்ஸ் பேர்ள்ஸ், அல்பேட் எல்லிஸ் என்னும் மூவருமே தத்தம் நெறியின் முதல்வர்கள். பெண்மணியோ முப்பது வயதளவினர். கணவரைப் பிரிந்து வாழும் தாய். அவர் பெயரை உலகம் அறியும். எனினும் ஈண்டு அது வேண்டுவதில்லை.

அவர் மனத்தை உறுத்திய செய்தி ஒன்றுண்டு. தந்தையைப் பிரிந்தபின் வேறோர் ஆடவரோடு உறவுகொண்டதுண்டா என்று சிறுமியாகிய மகள் கேட்டுவிட்டாள். தாய், இல்லையென்று பொய் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் குழந்தையின் மனம் ஊறுபடுமோ என்ற அச்சம் ஒருபுறம். எந்நாளும் பொய் பேசாத தாம் மகளிடமே பொய்த்துவிட்டோமே என்ற வேதனை மறுபுறம். சொல்வதா, விடுவதா? இவ்வினாவோடு அவர் றொஜர்சின் முன் வந்து அமர்ந்தார்.

றொஜர்ஸ் விடை கூறவில்லை. விடை தர இயலுமாயின் நன்றாயிருக்கும் என்று பரிவோடு ஒப்புக்கொண்டார், ஆயினும் தரவில்லை. அப்பெண்மணி சொன்னதையே, சொல்லாமல் விட்டதையுஞ் சேர்த்து, அவருக்கு மீளக் காட்டிக்கொண்டிருந்தார். உரையாடல் முடியும் தறுவாயில், இவர் தம் தந்தையாய் இருந்திருக்கலாகாதா என்று அப்பெண்மணி ஏங்கினார். அவரைத் தமக்கேற்ற நல்ல மகளாகவே காண்பதாக முதியவர் மொழிந்தார். பேர்ள்ஸ் செய்ததோ வேறு. அச்சமாயிருக்கிறது என்று கூறிக்கொண்டே அவர் புன்னகை புரிவதைச் சுட்டிக்காட்டி, இது பாசாங்கு என்று முகத்துக்கு நேரே கூறினார். பெண்மணி சினந்தார், அச்சினத்தை வெளிக்கொணர்வதே பேர்ள்சின் நோக்கமாயிருந்தது. எல்லிசோ மூவரினும் மிகுதியாகப் பேசினார். தாம் விரும்பும் தகைமையுடைய ஆடவரைக் காணுமிடத்துக் கூசி ஒடுங்கும் இயல்பு பெண்மணிக்கு இருந்தது. புறக்கணிக்கப்பட்டால் அது தாங்கொணாப் பேரிடர் என்ற உள்நம்பிக்கையே அக்கூச்சத்தின் வேர் என்று எல்லிஸ் வாதித்து, துணிந்து பேசிப்பாரும் என்று வீட்டுவேலையுங் கொடுத்தார்.

மூவருள் எவர் மிக உதவினார் என்று அன்றே கேட்டபொழுது, பெண்மணி பேர்ள்சின் பெயரைச் சொன்னார். படம் அதனோடு முடிந்தது, வாழ்க்கை முடியவில்லை. அதன்பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், தாம் இறக்கும்வரை, அவர் இடையிடையே கடிதம் எழுதிக்கொண்டிருந்தது றொஜர்சுக்கே. பேர்ள்சோடு நிகழ்ந்ததைப் பின்னர் அவர் சினத்தோடு நினைவுகூர்ந்தார் என்பதை 1984இல் றொஜர்ஸ் எழுதிய குறிப்பு ஒன்றினால் அறிகிறோம்.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு றொஜர்ஸ் வென்றார், பேர்ள்ஸ் தோற்றார் என்று தீர்ப்புக் கூறுவது என் கருத்தன்று. அரைமணி நேர உரையாடலும் அதன் பின்வந்த கடிதங்களும் எந்தக் கோட்பாட்டையும் நிறுவப் போதா. நான் காண்பது வேறொன்று. ஒரே பெண்மணி மூவர் முன்னிலையில் மூன்று பெண்களாகத் தோன்றினார். முதல்வர் முன் தந்தையன்புக்கு ஏங்கும் மகள். இரண்டாமவர் முன் சினந்தெழும் போராளி. மூன்றாமவர் முன் பிழைபட்ட எண்ணங்களைத் திருத்திக்கொள்ள வந்த மாணவி. கோட்பாடு என்பது வைத்தியர் கையிலுள்ள கருவி மட்டுமன்று. அது அவர் செவியுமாகும். எதைக் கேட்கப் பழகியிருக்கிறோமோ அதுவே கேட்கும். ஆகவே கோட்பாடுகளைக் கற்பதென்பது, ஒரு செவியால் கேளாததை மற்றொரு செவியால் கேட்கப் பழகுவதாகும். அன்பு மட்டும் போதும் என்பாருக்கு நான் கூறும் மறுமொழி இதுவே. கோட்பாடு இல்லாதவர் எவருமிலர். கற்காதவரிடத்தும் ஒரு கோட்பாடு உண்டு. அது அவருடைய ஊரும் குடும்பமும் சாதியும் சமயமும் அவருக்கு ஊட்டிய கோட்பாடு. தம்மிடம் அது இருப்பதை அறியாமையால் அதனையே உண்மையென்று கொள்வார்.

நிற்க. கோட்பாட்டை எவ்வாறு கற்பது? அது தோன்றிய இடத்திலிருந்து கற்றல் வேண்டும். எக்கோட்பாடும் ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. யாரோ ஒருவருடைய துயரத்தின் முன்னே, தாம் அறிந்தது பயன்படாது திகைத்த ஒருவருடைய விடையே அது.

புறொய்டும் புறோயரும் 1895இல் வெளியிட்ட நூலிலே முதலாவதாக வரும் நோயாளியை நோக்குக. பேச்சு வைத்தியம் என்று அச்சிகிச்சைக்குப் பெயரிட்டவர் வைத்தியர் அல்லர், அந்நோயாளிப் பெண்ணே. பேர்த்தா பப்பன்ஹைம் என்னும் அவர் பிற்காலத்தில் ஜேர்மனியில் யூத மாதர் சங்கமொன்றை 1904இல் நிறுவிப் பெரும் சமூகத் தொண்டராய் விளங்கினார். உளப்பகுப்பின் வரலாற்றிலே முதற் கலைச்சொல்லை ஆக்கித் தந்தவர் துயருற்றவரே என்பதை மாணவர் மறத்தலாகாது.

றொஜர்ஸ் இளமையில் றொசெஸ்ரர் நகரிலே சிறுவர்க்கான நிலையமொன்றிற் பணிபுரிந்தார். அடங்காப் பிள்ளையொன்றின் தாயிடம், பிள்ளையை நீர் ஆதியிலே வெறுத்தமைதான் காரணம் என்று பன்முறை உணர்த்த முயன்று தோற்றார். இனிப் பயனில்லை என்று இருவரும் எழுந்தனர். வாயில்வரை சென்ற தாய் திரும்பிநின்று, வளர்ந்தோருக்கும் இங்கே துணை செய்வதுண்டா என்று கேட்டார். பின்னர் அமர்ந்து தம் மணவாழ்வின் துயரையெல்லாம் கொட்டினார். எங்கே நோகின்றது என்பதை நோகின்றவரே அறிவார் என்ற பாடத்தை அன்று கற்றதாக 1961இல் வெளியான தமது நூலிலே றொஜர்ஸ் எழுதுகின்றார். ஆள்மையச் சிகிச்சை ஒரு தோல்வியின் வாயிலிலே பிறந்தது.

ஏனையோர் கதையும் இத்தகையதே. ஜோசப் வொல்ப் தென்னாபிரிக்கப் படையிலே வைத்தியராயிருந்தவர். போரினால் மனம் பேதலித்த வீரர்க்கு மருந்தூட்டிப் பேசவைத்தும் பயன் காணாமையால், அச்சம் எவ்வாறு கற்கப்படுகின்றது, எவ்வாறு மறக்கப்படலாம் என்று ஆராயத் தொடங்கி, 1958இல் தம் நூலை வெளியிட்டார். ஆரோன் பெக் உளப்பகுப்பிலே பயின்றவர். சோர்வுநோய் என்பது உள்நோக்கித் திரும்பிய சினமே என்ற புறொய்டின் கருத்தை நிறுவ எண்ணியே நோயாளரின் கனவுகளை ஆராய்ந்தார். கண்டதோ சினமன்று, இழப்பும் தோல்வியுமே. கண்டதை மறையாது ஒப்புக்கொண்டமையால் அறிகைச் சிகிச்சை பிறந்தது. எல்லிஸ் தம் இளமையில் பெண்களோடு பேச அஞ்சியவர். பூங்காவொன்றிலே நூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் வலிந்து சென்று பேசித் தம் அச்சத்தைத் தாமே போக்கியதாக அவர் கூறுவார். படத்திலே அப்பெண்மணிக்கு அவர் கொடுத்த வீட்டுவேலை எங்கிருந்து வந்தது என்பது இப்பொழுது புலனாகுமன்றோ?

இவ்வாறு கற்கும்பொழுது மாணவர் இரண்டு நன்மைகளைப் பெறுவர். கோட்பாடு எதற்கு விடையாகப் பிறந்தது என்பதை அறிவர். எதற்கு விடையன்று என்பதையும் அறிவர். அச்சத்தைப் போக்கப் பிறந்த நுட்பத்தை, மகனைப் பறிகொடுத்த தாயின் துயரத்தின்மீது சுமத்தமாட்டார்.

இனி, எந்தக் கோட்பாடு சிறந்தது என்ற வினாவுக்கு வருவோம். மாணவர் இதனைக் கேட்காதிருப்பதில்லை. 1936இலேயே சோல் றோசன்ஸ்வைக் என்பவர், எல்லா நெறிகளும் ஏறத்தாழ ஒத்த பயனையே தருகின்றன என்றும், அவற்றுக்குப் பொதுவாயுள்ளவையே பயனுக்குக் காரணமாகலாம் என்றும் எழுதினார். 1952இல் ஐசென்க் ஒரு வெடிகுண்டையே வீசினார். நரம்புத் தளர்ச்சியுற்றோருள் மூன்றிலிரு பங்கினர் உளச்சிகிச்சை இன்றியே இரண்டாண்டுகளிற் குணமடைகின்றனர். ஆகவே சிகிச்சையின் பயன் நிறுவப்படவில்லை என்பது அவர் வாதம். அவ்வாதத்துக்கு விடைதேடிப் பலர் ஆராய்ந்தனர். 1977இல் ஸ்மித், கிளாஸ் என்னும் இருவர் 375 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதோருள் நூற்றுக்கு 75 பேரைவிட நன்னிலையில் இருந்தார் என்று காட்டினர். நெறிகளுக்கிடையே பெரிய வேறுபாடு அவர்க்குப் புலப்படவில்லை.

இதனைப் பிழைபட விளங்கிக்கொள்ளலாகாது. எல்லாம் ஒன்றே என்பது இதன் பொருளன்று. காரணமற்ற பேரச்சம், ஓயாது கைகழுவுதல் போன்ற பீடிப்பு நோய் என்பவற்றுக்கு, அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் முறை தனிப்பயன் தருவது நன்கு நிறுவப்பட்டது. அத்தகைய நோயாளியிடம் ஆண்டுக்கணக்கிற் கனவுக்குப் பொருள் கூறிக்கொண்டிருப்பது அறமாகாது. ஆயின் பொதுவாக நோக்குமிடத்து, நுட்பம் பயனின் ஒரு பகுதியே. மைக்கல் லாம்பேட் 1992இல் ஒரு மதிப்பீடு செய்தார். நூற்றுக்கு 40 பங்கு நாடிவந்தவரின் வாழ்க்கையிலும் அவரிடத்துமுள்ளவை. 30 பங்கு இருவர்க்குமிடையேயான உறவு. 15 பங்கு நம்பிக்கை. எஞ்சிய 15 பங்கே நுட்பம். இவை அளந்து கண்ட எண்களல்ல. ஆய்வுகளைக் கற்றறிந்த ஒருவரின் மதிப்பே. எனினும் நம்மைச் சிந்திக்க வைப்பவை. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்காக வகுத்தார். மருந்து நான்கில் ஒன்றே, நோயுற்றவனோ முதலாவது. இரண்டையும் எண்ணுக்கு எண் பொருத்திக் காட்டும் பண்டித விளையாட்டில் எனக்கு விருப்பமில்லை. ஆயினும் மருந்தொன்றையே மருத்துவமென்று மயங்கும் மயக்கம் பழையது என்பதை அறிய இது போதும்.

பழைமையைப் பற்றிப் பேசுமிடத்து இன்னொன்றையுஞ் சொல்லல் வேண்டும். மேலைநாட்டார் இன்று கூறுவதெல்லாம் எம்மிடம் முன்பே உண்டு என்று மார்தட்டுவது நம்மவர்க்கு எளிது. இலங்கையிற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய பத்மால் டி சில்வா என்னும் உளவியலாளர் இவ்வாறு மார்தட்டவில்லை. பாளி நூல்களிலே வேண்டாத எண்ணங்களை அகற்றப் புத்தர் கூறிய ஐந்து வழிகளை எடுத்து, நவீன நடத்தைச் சிகிச்சையின் நுட்பங்களோடு ஒவ்வொன்றாக வைத்து ஒப்பிட்டார். எதிரான நல்லெண்ணத்தை வருவித்தல், கவனத்தை வேறிடம் திருப்புதல் முதலியன இரண்டிடத்தும் காணப்பட்டன. பழம்பெருமை பேசாது பழைமையைப் பயன்கொள்ளும் முறை அது. நம் தமிழ் மாணவர் அம்முறையைப் பின்பற்றுவாராக.

இவையெல்லாம் ஏட்டுக்கு உதவுமேயன்றி நாட்டுக்கு உதவுமோ என்று ஐயுறுவோர் 2004 மார்கழியை நினைத்தல் வேண்டும். ஆழிப்பேரலை நம் கரைகளை வாரிச் சென்ற பின்னர், வெளிநாடுகளிலிருந்து பல குழுவினர் உளக்காயத்துக்கு மருந்திடுவோம் என்று வந்திறங்கினர். நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. ஆயின் நிகழ்ந்ததை ஒருமுறை முழுமையாகச் சொல்லவைத்துவிட்டால் பின்னர் நோய் வாராது என்ற கருத்து அவருட் சிலரிடையே இருந்தது. அத்தகைய ஒற்றை அமர்வு முறையினாற் பயன் விளைவதற்குச் சான்றில்லை, அதனைக் கட்டாயமாக்குதல் நிறுத்தப்படல் வேண்டும் என்ற ஆய்வுத் தொகுப்பு அதற்கு முன்னரே, 2002இல், வெளிவந்திருந்தது. கோட்பாட்டின் வரலாற்றைக் கற்காது நுட்பத்தை மட்டும் மூட்டைகட்டிக்கொண்டு செல்வதன் விளைவு இதுவே. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு அன்று வேண்டியிருந்தது, தன் ஊரவரும், தன் சடங்கும், உயிரோடிருக்கும் பிள்ளைக்கு ஒரு பாடசாலையும். போர்க்காலத்திலே மட்டக்களப்பில் காணாமற்போனோரின் உறவினர் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரை நாடிச் சென்றமையை மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அழவும் கேட்கவும் இடமில்லாத காலத்தில் அங்கே அழ இடமிருந்தது. கேட்க ஒரு செவியிருந்தது. இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் உளவளத்துணையாளரை அம்மக்கள் நாடப்போவதில்லை. இதுவே போதும் என்று நின்றுவிடுபவரோ, மருந்தும் சிகிச்சையும் வேண்டுவோரைக் கைவிட்டவராவார்.

நம் பாடசாலைகளிலும் ஒரு சிக்கலுண்டு. உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியரிடமே ஒழுக்காற்றுப் பொறுப்பையும் கொடுத்துவிடும் வழக்கம் ஆங்காங்கே உண்டு. காலையிற் பிரம்போடு வாயிலில் நின்றவரிடம் மாலையில் ஒரு மாணவி தன் வீட்டுத் துயரத்தைச் சொல்வாளா? சொன்னாலும், அது ஆசிரியர் ஓய்வறையிலே பேச்சுப் பொருளாகாது என்பதற்கு உறுதி என்ன? நிபந்தனையற்ற மதிப்பு என்று றொஜர்ஸ் கூறியதைப் பரீட்சைத் தாளிலே பிழையின்றி எழுதிய ஒருவர், “இதற்கெல்லாம் அழலாமா?” என்று மாணவியை அதட்டுவாராயின், அவர் கற்றது யாது? இவ்விரு பொறுப்புகளையும் ஒருவர் தலையிற் சுமத்தாதிருப்பது அதிபர்களாற் கூடிய காரியம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

ஆசிரிய நண்பர்க்கும் மாணவர்க்கும் நான் வேண்டுவன மூன்று. முதலாவது, தாபகர்களின் மூலநூல்களில் ஒன்றிரண்டையேனும் முழுமையாகப் படியுங்கள். குறிப்புகளின் குறிப்புகளோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாவது, உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் ஆராயுங்கள். றொஜர்ஸ் 1942இலேயே சிகிச்சை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, ஒருவரது சிகிச்சையை முழுமையாக அச்சிட்டார். மூடிய அறைக்குள் நிகழ்வதை மாணவர் முன் திறந்துவைத்த துணிவு அது. தமிழிலே துயருற்றோர் எவ்வாறு பேசுகின்றனர்? நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது, மனம் ஒன்றிலும் நிற்குதில்லை என்று உடம்பின் மொழியாலன்றோ நம்மவர் உளநோயை உரைக்கின்றனர்? உரியவர் இசைவோடு, அடையாளம் மறைத்து, இத்தகைய தமிழ் உரையாடல்கள் அச்சேறல் வேண்டும். மொழிபெயர்த்த கலைச்சொற்களால் மட்டும் ஒரு துறை தமிழில் வேரூன்றாது. மூன்றாவது, கற்பதை முதலில் உங்கள்மீதே சோதித்துப் பாருங்கள். உளப்பகுப்பாளர் ஆக விழைவோர் தாமே முதலிற் பகுப்புக்கு உட்படல் வேண்டும் என்பது அந்நெறியின் விதி. அவ்விதியை ஏனைய நெறியினரும் வேறு வகையிலேனும் மேற்கொள்ளுதல் நன்று.

ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லை இத்துறைக்கு ஆக்கியவர் எவரோ, அவர் நம் நன்றிக்குரியவர். பழந்தமிழ் ஆற்றுப்படையிலே வழிகூறுவோன் யார்? அரண்மனை அதிகாரியல்லன், தானும் பசித்திருந்தவன், அவ்வழியே சென்று மீண்டவன். எதிரே வரும் வறியவனிடம், இவ்வழியே செல்க, இன்ன இடத்தே இன்னது காண்பாய் என்று கூறுகின்றான். அவனைத் தோளிற் சுமந்து செல்வதில்லை. நடப்பவன் எதிரே வந்தவனே. கோட்பாடுகள் வழிகளின் படங்கள். படமின்றிப் புறப்படுபவன் தானும் இடர்ப்பட்டுப் பிறரையும் இடர்ப்படுத்துவான். படத்தை மட்டும் மனனஞ் செய்தவனோ, களைத்து வந்தவனின் காலிலுள்ள முள்ளைக் காணமாட்டான். முள்ளைக் காணும் கண்ணையும் கேட்கும் செவியையும் தருவதாயின், அட்டவணையிலுள்ள பெயர்கள் அத்தனையும் கற்கத்தக்கனவே.